வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் மட்டும்தான் நம் சட்டமா?

சிறுசேரி சிப்காட்டுக்கும் புதுப்பாக்கம் சட்டக் கல்லூரிக்கும் இடையே சில கிலோமீட்டர்தான். நாவலூர், படூர், தாழம்பூர், கேளம்பாக்கம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் சாரம் கட்டிய அடுக்குமாடிகள். மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை மெட்ரோ ரயில் பாதைக்கும் வேலை நடக்கிறது. அந்தச் சாரத்தின் மேல் நிற்பவர் யார்? ஜல்லி சுமக்கும் சித்தாள் யார்? கட்டி முடித்துக் குடிவந்த பிறகு அதே கட்டடத்தின் கழிவுத் தொட்டிக்குள் இறக்கப்படுபவர் யார்? இந்தக் கேள்விகளுக்கு நமக்குப் பதில் தெரியும். நம் சட்ட மாணவர்களுக்கும் தெரியும்.

ஆனால் "நீ வழக்கறிஞர் ஆனால் என்ன வழக்கு எடுப்பாய்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான தலித் மாணவர்கள் சொல்லும் முதல் பதில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். இரண்டாவது பதில் இடஒதுக்கீடு. தொழிலாளர் சட்டம் என்று சொல்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அது நிர்வாகத்துக்காக வாதாடுகிறவர்களின் சட்டம், அல்லது கட்சித் தொழிற்சங்க வக்கீல்களின் சட்டம் என்று ஒதுக்கிவிடுகிறோம்.

தோழர்களே, இந்த ஒதுக்கலால் நாம் இழப்பது அதிகம். வேலை, கூலி, விபத்து, ஒப்பந்த முறை, கட்டுமானம் ஆகியவை பற்றிய சட்டங்களும் சாதி ஒழிப்புச் சட்டங்கள்தான் என்று நான் வாதிடுகிறேன்.

ஏன் விலகினோம்?

இந்த விலகலுக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1921-இல் சென்னை பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குப் போனார்கள். அதன் தொடர்ச்சியாகப் புளியந்தோப்பில் கலவரம் வெடித்தது. சேரிகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது. எம்.சி. ராஜா போன்ற தலைவர்கள் அன்று ஆதிதிராவிடர் பக்கம் நின்று பேசினார்கள். ஆலைக்குள் ஒரே தொழிலாளியாக இருந்தவர்கள், ஆலைக்கு வெளியே சேரியாகவும் ஊராகவும் பிரிந்து நின்றார்கள். "வர்க்கம் ஒன்றுதான், சாதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்ன சங்கங்கள் மீது நமக்கு நம்பிக்கை இல்லாமல் போனதற்கு இப்படி நூறாண்டுக் கணக்கு இருக்கிறது.

ஆனால் அண்ணல் அம்பேத்கர் அந்தக் காரணத்துக்காகத் தொழிலாளர் பிரச்சினையை மற்றவர்களிடம் விட்டுக் கொடுக்கவில்லை. 1936-இல் அவர் தொடங்கிய கட்சியின் பெயரே சுதந்திரத் தொழிலாளர் கட்சி. 1938 பிப்ரவரியில் மன்மாடில் நடந்த ஒடுக்கப்பட்ட வகுப்பு ரயில்வே தொழிலாளர் மாநாட்டில், பார்ப்பனியமும் முதலாளித்துவமும் தொழிலாளரின் இரண்டு எதிரிகள் என்று பேசினார். பஞ்சாலைகளில் நல்ல கூலி கிடைக்கும் நெசவுப் பிரிவில் தலித்துகளைச் சேர்க்காததைச் சுட்டிக்காட்டித் தொழிற்சங்கத் தலைவர்களைக் கேள்வி கேட்டவரும் அவர்தான். அதே ஆண்டு நவம்பர் 7-இல், வேலைநிறுத்த உரிமையைப் பறிக்கும் மசோதாவை எதிர்த்து பம்பாயில் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து வேலைநிறுத்தம் நடத்தியவரும் அவர்தான். கேள்வியும் கேட்டார், களத்திலும் நின்றார்.

1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். ஆலைத் தொழிலாளரின் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைத்த திருத்தச் சட்டம் 1946-இல் வந்தது. 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியபோது, கடும் எதிர்ப்புக்குப் பிறகு மே 1 அன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். அன்று காப்பாற்றப்பட்டது அம்பேத்கர் பாடுபட்ட எட்டு மணி நேரம்தான்.

ஒரு வழக்கறிஞரின் பாதை

தொழிலாளர் சட்டமும் மனித உரிமையும் ஒரே மேசையில் இருக்க முடியும் என்பதற்கு நம் கண்முன் இருக்கும் சாட்சி கே. சந்துரு. 'ஜெய்பீம்' படம் பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியும். ஆனால் படம் காட்டியது அவர் வாழ்க்கையில் ஒரு வழக்கை மட்டும்தான்.

சந்துரு லயோலா கல்லூரியில் மாணவர் போராட்டத்துக்காக வெளியேற்றப்பட்டு, நம் தாம்பரத்தில் இருக்கும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பட்டப்படிப்பை முடித்தவர். பிறகு இடதுசாரி மாணவர், தொழிலாளர் இயக்கங்களில் முழுநேரமாகச் சுற்றினார். 1973-இல் சட்டக் கல்லூரியில் சேர்ந்தார். 1976-இல் வழக்கறிஞரானதும் 'ராவ் அண்ட் ரெட்டி' என்ற நிறுவனத்தில் சேர்ந்து எட்டு ஆண்டுகள் வேலை செய்தார்.

அந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கும் ராவ் யார் என்பதும் மாணவர்களுக்குத் தெரிய வேண்டும். அரசியலமைப்புச் சட்டப் பாடத்தில் 'சென்னை மாகாணம் எதிர் வி.ஜி. ராவ்' வழக்கைப் படிப்பீர்கள். மக்கள் கல்விச் சங்கம் என்ற அமைப்பை 1950-இல் சென்னை அரசு சட்டவிரோதம் என்று அறிவித்தது. அதன் பொதுச் செயலாளராக இருந்த வழக்கறிஞர் வி.ஜி. ராவ் வழக்குப் போட்டார். 1952 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஓர் உரிமைக்கு அரசு போடும் கட்டுப்பாடு நியாயமானதா என்பதை எப்படி அளப்பது என்று இன்றுவரை எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது. சங்கம் அமைக்கும் உரிமைக்காக நின்ற அந்த மரபில்தான் சந்துரு தொழில் கற்றார்.

1993-இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் குறவர் சமூகத்தைச் சேர்ந்த ராஜாக்கண்ணு சித்திரவதையில் கொல்லப்பட்ட வழக்கு அவரிடம் வந்தது. ஆட்கொணர்வு மனுவில் தொடங்கி, பல ஆண்டுகள் நடந்து, கடைசியில் காவலர்களுக்கு ஆயுள் தண்டனை வரை போன வழக்கு. மனித உரிமை வழக்குகளுக்கு அவர் கட்டணம் வாங்குவதில்லை. அப்படி வாங்காமல் ஒருவர் ஆண்டுக்கணக்கில் தொழில் நடத்த வேண்டுமானால், வேறொரு வேலை அடுப்பை எரிய வைக்க வேண்டும். தொடர்ந்து வரும் தொழிலாளர் வழக்குகள் அப்படிப்பட்ட வேலை. ஒரு சங்கம் ஒரு வக்கீலை நம்பிவிட்டால் பத்து, இருபது ஆண்டுகள் அவரை விடாது. எதை நம்பி இலவச வழக்கு எடுப்பது என்று தவிக்கும் முதல் தலைமுறை வக்கீல்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

2006 ஜூலையில் உயர்நீதிமன்ற நீதிபதியானார். 2013 மார்ச்சில் ஓய்வு பெற்று, பிரிவுபசார விழா வேண்டாம் என்று சொல்லிவிட்டு மின்சார ரயிலில் வீட்டுக்குப் போனார். இடையில் சுமார் 96,000 வழக்குகளை முடித்தார். அந்தத் தீர்ப்புகளில் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துப் பேசுகிறேன். சத்துணவுக் கூடப் பணியிடங்களில் வகுப்புவாரி இடஒதுக்கீடு பின்பற்றப்பட வேண்டும் என்ற தீர்ப்பு அது.

மேலோட்டமாகப் பார்த்தால் அது வெறும் பணி நியமன வழக்கு. சமையலர், உதவியாளர் வேலை. அரசிதழ், சுற்றறிக்கை, இனச்சுழற்சி என்று போகும் உலர்ந்த சங்கதி. ஆனால் ஒரு தலித் பெண் பள்ளியில் சமைக்கிறார் என்றால், ஊரின் எல்லாச் சாதிக் குழந்தைகளும் அவர் கையால் சாப்பிட வேண்டும். தீண்டாமை வாழும் இடமே அடுப்பங்கரைதான். 2018-இல் அவிநாசி பக்கத்தில் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் தலித் சமையலர் சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் பள்ளியையே முற்றுகையிட்டதும், அதிகாரிகள் முதலில் அவரை இடமாற்றம் செய்ததும், எதிர்ப்பு வந்த பிறகு மீண்டும் அங்கேயே பணியமர்த்தியதும் நினைவிருக்கிறதா? ஒரு வேலைவாய்ப்புத் தீர்ப்பு அரசியலமைப்பின் 17-ஆம் பிரிவை எப்படி ஊருக்குள் கொண்டுபோகிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

ஒன்பதே கால் ரூபாயில் ஒரு ரூபாய்

கட்டுமானத்துக்கு வருவோம். 1982-இல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக அரங்குகளும் மேம்பாலங்களும் கட்டினார்கள். குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. ஆட்களைக் கூட்டிவந்த ஜமேதார்கள் ஒவ்வொருவர் கூலியிலும் ஒரு ரூபாயைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்தார்கள். பெண்களுக்கு இன்னும் குறைவு. மக்கள் ஜனநாயக உரிமைகள் கழகம் இதைப் பற்றி எழுதிய கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக ஏற்றது. நீதிபதி பி.என். பகவதி எழுதிய தீர்ப்பு 1982 செப்டம்பர் 18 அன்று வந்தது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்றது நீதிமன்றம். சங்கிலி போட்டுக் கட்டியிருக்க வேண்டியதில்லை. பசியும் வறுமையும் ஒருவரை அந்தக் கூலிக்குத் தள்ளினாலும் அது கட்டாயம்தான் என்றது.

இதை நம் சட்டத்தோடு சேர்த்துப் படியுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எச்) பிரிவு, பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் வெட்டி வேலை, கட்டாய உழைப்பு, கொத்தடிமை வேலை வாங்குவதைக் குற்றமாக்குகிறது. அடுத்து வரும் பிரிவுகள் செத்த மாட்டை அகற்றச் சொல்வதையும், கையால் மலம் அள்ள வைப்பதையும் குற்றமாக்குகின்றன. ஆக, வன்கொடுமைச் சட்டத்தின் வயிற்றுக்குள்ளேயே ஒரு தொழிலாளர் சட்டம் இருக்கிறது. காவல் நிலையத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டியதற்கும் அடித்ததற்கும் மட்டும் அதைப் பயன்படுத்திவிட்டு, கூலித் திருட்டுக்கு அதைத் தொடாமல் விட்டு வைத்திருக்கிறோம்.

தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் சங்கங்கள் இந்தப் பாதையில் வெகுதூரம் போயிருக்கின்றன. 1982-இன் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும், 1994-இன் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியமும் அவர்கள் தெருவில் நின்று வாங்கியவை. வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் தேசிய அளவில் இயங்கிய பிரச்சாரக் குழுவுக்குத் தமிழ்நாட்டு அனுபவம் பெரிய பலம். அதன் விளைவாக 1996-இல் ஒன்றியச் சட்டம் வந்தது. கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காட்டைத் தொழிலாளர் நலனுக்காகத் தனி வரியாக வசூலிக்கும் ஏற்பாடும் வந்தது.

பணம் போய்ச் சேர்ந்ததா? அந்தக் குழு 2006-இல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட வழக்கில் 2018 மார்ச் 19 அன்று தீர்ப்பு வந்தது. நாடு முழுவதும் வசூலான தொகை 37,400 கோடி ரூபாய்க்கு மேல். தொழிலாளருக்குச் செலவிட்டது சுமார் 9,500 கோடி. மிச்சப் பணத்தில் ஒரு பகுதி மடிக்கணினி, சலவை இயந்திரம் வாங்கவெல்லாம் போயிருந்தது. கல் சுமந்தவர் பெயரில் வசூலித்த பணம். பன்னிரண்டு ஆண்டு வாய்தாவுக்குப் பிறகுதான் இந்த உண்மை ஒரு தீர்ப்பில் பதிவானது. இப்படிப்பட்ட வழக்கைப் பன்னிரண்டு ஆண்டு தூக்கிச் சுமக்க வக்கீல் வேண்டும். அந்த வக்கீல் சித்தாளின் மகளாக இருந்தால் வழக்கின் மொழியே வேறாக இருக்கும்.

ஒருவர் சாரத்திலிருந்து விழுந்தால்

2014 ஜூன் 28 மாலை மழையில், போரூர் பக்கத்தில் மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். ஆந்திரா, ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளர்கள் அதில் பலர். அது பெரிய விபத்து என்பதால் விசாரணை ஆணையம் வந்தது. ஒற்றை ஆளாக விழுந்து சாகிறவர்களுக்கு ஆணையம் வருவதில்லை. என்ன நடக்கும் என்று இந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். "தவறி விழுந்து இறந்தார்" என்று சந்தேக மரண வழக்கு பதிவாகும். மேஸ்திரியும், உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவரும் குடும்பத்தோடு பேசுவார்கள். ஏதோ ஒரு தொகை கைமாறும். முத்திரைத் தாளில் கைரேகை வாங்குவார்கள். ஆம்புலன்ஸ் ஊருக்குக் கிளம்பும்.

அந்த முத்திரைத் தாளுக்கு என்ன மதிப்பு? 1923-இன் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தெளிவாகச் சொன்னது: வேலையில் மரணம் நேர்ந்தால் இழப்பீட்டை அதற்குரிய ஆணையரிடம் கட்ட வேண்டும். நேராகக் குடும்பத்தின் கையில் கொடுத்தது இழப்பீடாகவே கணக்கில் வராது. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தமும் செல்லாது.

எவ்வளவு கிடைக்கும்? கணக்கு எளிது. மாதக் கூலியில் பாதியை, வயதுக்கு உரிய காரணியால் பெருக்க வேண்டும். கூலிக்கு 2020-இல் அறிவித்த உச்சவரம்பு 15,000 ரூபாய். 30 வயதுக்கான காரணி 207.98. ஆக 7,500 பெருக்கல் 207.98, வருவது 15,59,850 ரூபாய். இரண்டு லட்சமோ மூன்று லட்சமோ கொடுத்து அனுப்பினால் மிச்சம் யார் பையில் இருக்கிறது என்று நீங்களே கணக்குப் போடுங்கள். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 12 விழுக்காடு வட்டியும், தக்க காரணம் இல்லாத தாமதத்துக்கு 50 விழுக்காடு வரை அபராதமும் தனி.

"அவன் எங்கள் ஆள் இல்லை, மேஸ்திரியின் ஆள்" என்று கட்டுநர் சொல்வார். ஒப்பந்ததாரரின் ஆளாக இருந்தாலும் வேலையைக் கொடுத்த முதன்மை நிறுவனம் பொறுப்பு என்று அதே சட்டம் சொன்னது. அந்த நிறுவனம் எது என்று கண்டுபிடிக்கத் துப்பறிய வேண்டியதில்லை. கட்டுமான இடத்தின் வாசலில் திட்ட அனுமதி எண்ணும், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையப் பதிவு எண்ணும் எழுதிய பலகை இருக்கும். அதைப் படம் எடுங்கள். இறந்தவருக்குப் பணி நியமனக் கடிதம் இருக்காது; ஆனால் கேட் பாஸ் இருக்கும், மேஸ்திரி கைபேசியில் அனுப்பிய கூலி இருக்கும், வாட்ஸ்அப்பில் "நாளைக்கு ஆறு பேர் வரணும்" என்ற செய்தி இருக்கும், கூட வேலை செய்தவர்கள் இருப்பார்கள். ஒரு வாரம் கழித்துப் போனால் இவை எதுவும் இருக்காது. சிறுசேரியைச் சுற்றிப் படிக்கும் மாணவர்கள் அன்றைக்கே போய் நின்றால் ஒரு குடும்பத்தின் பத்து ஆண்டு வாழ்க்கை மாறும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தச் சட்டம் சாதிச் சான்றிதழ் கேட்பதில்லை. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வரும் தலித், ஆதிவாசித் தொழிலாளியிடம் தமிழ்நாட்டுச் சான்றிதழ் இருக்காது. அவர் கையில் இருக்கும் ஒரே சட்டம் தொழிலாளர் சட்டம்தான்.

தொட்டிக்குள் இறக்கப்படுகிறவர்கள்

தென்சென்னைப் புறநகரில் பாதாளச் சாக்கடை போய்ச் சேராத இடங்கள் ஏராளம். அடுக்குமாடிகள் கழிவுத் தொட்டியையும் லாரியையும் நம்பி இருக்கின்றன. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டத்தின்படி, தொட்டிக்குள் ஆளை இறக்கி ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய வைப்பதே குற்றம். 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபர் 20 தீர்ப்பு அதை 30 லட்சமாக்கியது. நிரந்தர ஊனத்துக்கு 20 லட்சம்.

ஒரே மரணத்தில் எத்தனை சட்டங்கள் நிற்கின்றன பாருங்கள்: 2013 சட்டம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஜே) பிரிவு, அலட்சியத்தால் மரணம் விளைவித்ததற்கான குற்றவியல் பிரிவு, தொழிலாளர் இழப்பீடு. முதல் தகவல் அறிக்கையில் பெரும்பாலும் இதில் கடைசிக்கு முந்தையது மட்டும்தான் இருக்கும். மற்ற மூன்றையும் எழுத வைப்பதுதான் நம் வக்கீலின் வேலை. குற்றவியல் மட்டும் தெரிந்த வக்கீலுக்கு இழப்பீடு தெரியாது. தொழிலாளர் சட்டம் மட்டும் தெரிந்தவருக்கு வன்கொடுமைச் சட்டம் தெரியாது. இரண்டும் தெரிந்தவர்கள் நமக்கு வேண்டும்.

நிலம்

கட்டடம் எழும்பும் மண்ணும் வழக்கில்தான் இருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீரின் அறிக்கைக்குப் பிறகு 1892-இல் பறையர் மக்களுக்கு நிலம் ஒதுக்கும் முடிவு வந்தது. அதுதான் பஞ்சமி நிலம். இந்த மாவட்டத்துக் காரணையில் அந்த நிலத்தை மீட்கக் கிளம்பிய போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள். இன்னொரு பக்கம், நகரத்துக் கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட மக்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கத்தில் குவிக்கப்பட்டார்கள். நிலத்தை இழந்தவரும் நகரத்தை இழந்தவரும் அதே பழைய மகாபலிபுரம் சாலையில் கட்டட வேலைக்கும் காவல் வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் நிற்கிறார்கள். நில வழக்கும் கூலி வழக்கும் ஒரே மக்களின் வழக்கு.

மீட்பர் வேண்டாம், எண்ணிக்கை வேண்டும்

சந்துருவைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நமக்கு மீட்பர் தேவையில்லை. ராஜாக்கண்ணு வழக்கை முதலில் நடத்தியவர் அவருடைய மனைவி. பேரம் பேச வந்தவர்களிடம் மசியாமல் நின்றவர் அவர். கூட நின்ற உள்ளூர் இடதுசாரித் தோழர்கள் இருந்தார்கள். வக்கீல் அதற்குப் பிறகுதான் வந்தார். இதைச் சொல்வது அவரைக் குறைப்பதாகாது. தானே எல்லாம் செய்ததாக அவரும் சொல்லிக்கொள்வதில்லை.

நம் கவலை வேறு. தலித் வழக்கறிஞர்கள் தொழிலாளர் நீதிமன்றங்களில் எத்தனை பேர்? சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து போன ஏ. வரதராஜன் 1980-இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதியானார். அவர் அங்கே போய்ச் சேரக் குடியரசுக்கு முப்பது ஆண்டு ஆனது. மேலே எண்ணிக்கை கூட வேண்டுமானால் கீழே ஜூனியர்கள் தாக்குப்பிடிக்க வேண்டும். அங்கேதான் நம் பிள்ளைகள் உதிர்கிறார்கள். அப்பா சென்ட்ரிங் வேலை, அம்மா சித்தாள் என்றால், சீனியரிடம் காசில்லாமல் மூன்று வருடம் ஃபைல் தூக்க எந்த வீடு தாங்கும்?

2024 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் உதவித்தொகை கொடுக்க வேண்டும் என்று வழக்கறிஞர் மன்றம் சுற்றறிக்கை அனுப்பச் சொன்னது. இதை எத்தனை அலுவலகங்கள் பின்பற்றுகின்றன என்று உங்கள் சீனியர் மாணவர்களைக் கேளுங்கள். குறைந்தபட்சக் கூலிக்காக வாதாடும் அலுவலகங்களிலேயே ஜூனியருக்கு ஆட்டோ காசு மட்டும் தருவது நம் இயக்கத்துக்கும் வெட்கம். தலித் உரிமைக்குப் பணியாற்றும் வழக்கறிஞர்கள் இதில் முதலில் முன்மாதிரியாக இருக்க வேண்டும்.

இதற்கிடையே காலமும் மாறிவிட்டது. நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்தது. ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் முன்பு 20 பேர் இருந்தாலே பொருந்தும். இப்போது 50 பேர் வேண்டும். வெளிமாநிலத் தொழிலாளர் பாதுகாப்புக்கு 5 பேர் போதும் என்றிருந்தது 10 ஆகிவிட்டது. 300 பேருக்குக் குறைவான ஆலைகள் அரசு அனுமதி இல்லாமலே ஆட்களைக் குறைக்கலாம். எந்த நிறுவனமானாலும் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் கூடாது. இருபது முப்பது பேரை வைத்து வேலை வாங்கும் சின்ன ஒப்பந்ததாரரிடம்தான் நம் மக்கள் அதிகம் இருக்கிறார்கள். சட்டம் விலகிப் போவது அவர்களிடமிருந்துதான். விபத்து இழப்பீட்டின் அடிப்படை சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் தொடர்கிறது என்பது ஆறுதல். ஆனால் புதிய தொகுப்புகளுக்கு இனிமேல்தான் நீதிமன்றங்கள் பொருள் சொல்லப் போகின்றன. முதல் பத்து ஆண்டுகளில் யார் வாதாடுகிறார்களோ அவர்கள் வாதம்தான் சட்டமாகும். அந்த இடத்தில் நாம் இல்லாவிட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் எழுதிக் கொடுத்ததே நம் தலையில் தீர்ப்பாக விழும்.

எனவே மாணவத் தோழர்களுக்குச் சில வேலைகள். புதுப்பாக்கத்தில் படிப்பவர்கள், தாம்பரத்திலும் கேளம்பாக்கத்திலும் தங்கிப் படிப்பவர்கள் சேர்ந்து பத்துப் பேர் கொண்ட குழு அமையுங்கள். தொழிலாளர் சட்டத்தைத் தேர்வுக்காக மட்டும் படிக்காமல், ஞாயிறு காலையில் தொழிலாளர்கள் கூலிக்குக் கூடி நிற்கும் முனைகளுக்குப் போய் நலவாரியப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். ஆண்டுக்கு 90 நாள் வேலை செய்த, 18 முதல் 60 வயதுக்கு உட்பட்ட கட்டுமானத் தொழிலாளி பதிவு செய்யலாம். பெரும்பாக்கம், செம்மஞ்சேரியில் அடையாள அட்டை காலாவதியாகிக் கிடப்பவர்களுக்குப் புதுப்பித்துக் கொடுங்கள். உங்கள் வட்டாரத்தில் நடக்கும் ஒவ்வொரு கட்டுமான, கழிவுத் தொட்டி மரணத்தையும் தேதியோடு ஒரு நோட்டில் பதியுங்கள்; எந்தப் பிரிவில் வழக்கு, எவ்வளவு இழப்பீடு என்று எழுதுங்கள். ஒரு தொழிலாளர் வழக்கறிஞரிடம் இப்போதே பயிற்சிக்குச் சேருங்கள். கட்டுமானச் சங்கங்களுக்குப் போங்கள்; அங்கே சாதி பேசத் தயங்கினால் பேச வையுங்கள். நம் அமைப்புகளில் கூலி பேசத் தயங்கினால் அங்கேயும் பேச வையுங்கள்.

உயர்நீதிமன்ற வளாகத்தில் இருந்த கல்லூரியை ஊருக்கு வெளியே கொண்டுபோனபோது மாணவர்கள் எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பு நியாயமானது. நீதிமன்றத்தை அன்றாடம் பார்த்துப் பழகும் வாய்ப்பு ஏழை மாணவர்களுக்குத்தான் முதலில் பறிபோனது. ஆனால் வந்து சேர்ந்த இடம், இந்த மாநிலத்தின் பெரும் கட்டுமானக் களங்களில் ஒன்றின் நடுவில் இருக்கிறது. வழக்கு உங்கள் கல்லூரி வாசலிலேயே செங்கல் சுமந்துகொண்டு நிற்கிறது. வக்காலத்து போட ஆள் வேண்டும்.

கற்பி, ஒன்றுசேர், போராடு.

ஜெய்பீம்!